முந்நூற்று முப்பது கிராம் ஒயின்

சோப்பில் ஒயின் சேர்ப்பதற்கு முதல் விதி, அதை ஒயினாகச் சேர்க்கக் கூடாது என்பது. யார் கேட்டாலும் சோப்புக்காரி இதைச் சலிக்காமல் விளக்குவாள். சோப்புக்காரி என்பதுதான் தெருவில் அவளுக்குப் பெயர்.

எண்ணெயைச் சோப்பாக மாற்றுவது காஸ்டிக் சோடா. அதை நேராக எண்ணெயில் கொட்ட முடியாது. தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கரையும்போது அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கப் பார்க்கும். தண்ணீருக்குப் பதில் ஒயினில் கரைத்தால் அதிலிருக்கும் ஆல்கஹால் தண்ணீரை முந்திக்கொண்டு கொதித்துவிடும். கொதித்தது ஆவியாகி, பாத்திரத்தில் இருப்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் ஒயினை முன்கூட்டியே அகலப் பாத்திரத்தில், சிறு தீயில், பாதிக்கும் கீழே வற்றும்வரை காய்ச்ச வேண்டும். போதை தருவது ஆவியாகிப் போய்விடும். நிறமும் புளிப்பும் திராட்சையின் கொஞ்சம் சர்க்கரையும் மிஞ்சும். அதைக் குளிரவைத்து, காஸ்டிக் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கலக்க வேண்டும். கண் முன்னாலேயே சிவப்பு பச்சையாகும், பிறகு பழுப்பாகும். இளஞ்சிவப்புச் சோப்பை எதிர்பார்த்து வருகிறவர்கள் முகம் தொங்கிப்போகும். அவர்களுக்கும் அவள் காரணம் சொல்லி அனுப்புவாள்.

ஒயின் சோப்புக்கு ஆர்டர் வந்தபோது அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டின் முன்னறையில் மிக்ஸியும் ஃபேனும் பழுது பார்க்கும் அவள் கணவன் குடியை விட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. விடுவதற்கு முன்னால் இருந்த ஆறு வருடம் எப்படிப் போனது என்று அவள் யாரிடமும் விளக்கியதில்லை. மறுவாழ்வு மையத்திலிருந்து அவனை அழைத்து வந்த அன்று ஒன்று மட்டும் சொல்லியிருந்தாள்: இன்னொரு முறை ஒரு சொட்டு உள்ளே போனாலும் அன்றே பெட்டியைக் கட்டிவிடுவேன். கத்தவில்லை, அழவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனாலேயே அவன் நம்பினான்.

ஒயின் விஷயத்தையும் அவனிடம் நேராகவே கேட்டாள். தனக்கு ஒன்றும் ஆகாது, வந்த ஆர்டரை விட வேண்டாம் என்றான். ஆனாலும் காய்ச்சும்போது எழும் வாசனையை அவன் மூக்கில் படவிடுவானேன் என்று, சனிக்கிழமை அவன் ஒரு கடைக்கு வயரிங் வேலைக்குப் போன பிறகே அடுப்பை மூட்டினாள். ஜன்னல் எல்லாம் திறந்து, ஒரு பாட்டில் முழுவதையும் வற்றவைத்தாள். எடை போட்டு, மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ‘ஒயின் 330 கிராம்’ என்று சீட்டு ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள். காய்ச்சியதை அவனிடம் சொல்லவில்லை. எதற்கு அந்தப் பேச்சை எடுப்பது என்று இருந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பின்னறையில் வேலை தொடங்கியது. சோப்புகளுக்குக் காகிதம் சுற்றும் அவள் நாத்தனாரும் உடன் இருந்தாள். கணவனின் தங்கை, வாய் ஓய்ந்தால் கை ஓய்ந்துவிடும் ரகம். சோப்புக்காரி கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் ஜாடியைத் தராசில் வைத்துச் சரிபார்த்தாள். முந்நூற்று முப்பது, சரியாக இருந்தது. ஐஸ் தட்டில் நிறுத்திய பெரிய ஸ்டீல் பாத்திரத்தில் ஒயினை ஊற்றி, முதல் கரண்டி காஸ்டிக் சோடாவைத் தூவினாள். இரண்டாவது கரண்டிக்கே ஓரங்களில் சீறல் கேட்டது. மூன்றாவதை அவள் முழுதாகத் தூவக்கூட இல்லை.

பாத்திரம் உறுமியது. கரும்பச்சை நுரை விளிம்புவரை எழுந்து, வழிந்து, ஐஸ் தட்டைத் தாண்டி மேடையில் ஓடியது. சோப்புக்காரி ஒரு கையால் நாத்தனாரின் தோளைப் பிடித்து வாசற்படிக்கு அப்பால் தள்ளிவிட்டுத் தானும் பின்வாங்கினாள். மேடையிலிருந்து தரைக்குச் சொட்டிய இடமெல்லாம் ஆவி பறந்தது.

“அண்ணி, நாம சோப்புதானே பண்றோம்?” என்றாள் நாத்தனார். குரல் பாதிதான் வந்தது.

சோப்புக்காரி பாத்திரத்தையே பார்த்தாள். அளவு தப்பியதா, சூடாக இருந்ததா என்று மனம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அப்போது ஆவியோடு சேர்ந்து அந்த வாசனை வந்தது. காய்ச்சி வற்றிய ஒயின் புளிப்பாக, கொஞ்சம் ஜாம் போல மணக்கும். இது அதுவல்ல. ஆறு வருடம் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாசனை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜாடி அவளுடையதுதான். சீட்டிலும் அவள் கையெழுத்துதான். உள்ளே இருந்ததுதான் வேறு. காய்ச்சியதை எடுத்துவிட்டு யாரோ காய்ச்சாததை ஊற்றி வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு கிராம் பிசகாமல். அவள் எதையும் தராசில் வைக்காமல் தொடமாட்டாள் என்று தெரிந்த ஒருவர்தான் அப்படிச் செய்ய முடியும். அப்படி அந்த வீட்டில் மூன்றே பேர்; அதில் இரண்டு பேர் இங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் சத்தம் கேட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தான். அவளுக்கு ஏதாவது பட்டுவிட்டதா என்று முதலில் கைகளைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான், காலி ஜாடியைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எப்போ?” என்றாள்.

அவன் தங்கையை ஒருமுறை பார்த்தான். அவள் அங்கிருந்து நகர்வதாக இல்லை. ஸ்க்ரூ டிரைவரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மறைக்க எதுவும் மிச்சமில்லாதவனாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர்கள் இருவரும் சந்தைக்குச் சோப்பு கொண்டுபோயிருந்த நேரம். குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான், ஜாடி இருந்தது, சீட்டில் அந்த வார்த்தை இருந்தது. மூன்று முறை கதவைச் சாத்தினான். நான்காவது முறை சாத்தவில்லை. முழுவதையும் நின்றபடியே குடித்தான். கெட்டியாக இருந்ததால் ரொம்ப ஸ்ட்ராங் என்று நினைத்துக்கொண்டான். தலை சுற்றியது, நாக்கு குழறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தான்.

“நாக்கு குழறுச்சா?” என்றாள் சோப்புக்காரி.

“ஆமா.”

“அதுல ஒண்ணுமே இல்லைங்க. முக்கால் மணி நேரம் காய்ச்சினேன். சின்னக் குழந்தைக்குக்கூட ஏறாது.”

நாத்தனாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் புறப்பட்டது, பாதி வழியில் வேறொன்றாகிவிட்டது. “சர்பத்துக்கா அண்ணா சுவத்தப் பிடிச்ச?” என்றவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சோப்புக்காரிக்கும் ஒரு நொடி உள்ளே ஏதோ லேசானது. குடிக்கவில்லை, குடித்ததாக நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். பத்து மாதமும் அப்படியே முழுதாக இருக்கிறது. பெட்டி பரணிலேயே இருக்கட்டும். இப்படியெல்லாம் நினைப்பு ஓடும்போதுதான் அவன் இன்னும் தலை நிமிராமல் நிற்பதைக் கவனித்தாள்.

“தெரியும்,” என்றான். “நேத்தே தெரிஞ்சிடுச்சு.”

திங்கட்கிழமை அவன் குப்பையில் அவள் போட்டிருந்த பாட்டிலின் பெயரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளிப் போய் அதே ஒயினை வாங்கி வந்தான். ஜாடியைத் தராசில் வைத்து முந்நூற்று முப்பது வரும்வரை ஊற்றினான். எடை சரி, நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. ருசியும் வேறாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம் வந்தது. சோப்புக்குப் போவதை யாரும் ருசி பார்க்கமாட்டார்கள் என்பதுகூட அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. பாட்டிலை வாயில் வைத்து ஒரு வாய் குடித்தான். தொண்டையை எரித்துக்கொண்டு இறங்கியது. முந்தின நாள் குடித்ததில் எதுவுமே இல்லை என்பது அந்த எரிச்சலில்தான் தெரிந்தது. அதாவது குடிக்காத ஒன்றை மறைக்கப்போய், நிஜமாகவே குடித்துவிட்டான்.

பின்னறையில் நுரை அடங்கும் சத்தம் மட்டும் இருந்தது.

“மிச்சம் எங்கே?”

முன்னறைக்குப் போய், பழைய மோட்டார்கள் கிடக்கும் பெட்டிக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து வந்தான். கொட்டவும் மனசு வரவில்லை, தொடவும் தைரியம் வரவில்லை என்றான். பிறகு அவனாகவே பாட்டிலைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தான். “எடை போடு. ஒரு வாய்தான் குறையும்.”

எந்தப் பொருள் வந்தாலும் பிரிப்பதற்கு முன் எடை போட்டுக் குறித்து வைப்பது அவள் வழக்கம். நோட்டைப் புரட்டினாள். விரல் ஒரே வரியை இரண்டு முறை தாண்டிப் போனது. சனிக்கிழமை பாட்டில், மூடியோடு ஆயிரத்து இருநூற்று ஐந்து. அதில் முந்நூற்று முப்பது போனால் எண்ணூற்று எழுபத்தைந்து இருக்க வேண்டும். பாட்டிலுக்குப் பாட்டில் இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்குமேல் நூறோ இருநூறோ குறைந்தால், இந்த மனிதன் சொல்லும் எதையும் இனி ஒருபோதும் கேட்க வேண்டியதில்லை. அவள் கையுறையைக் கழற்றினாள். பாட்டிலைத் தராசில் வைத்துவிட்டுக் கையை எடுக்க மறந்து, பிறகு எடுத்தாள்.

எண்கள் ஓடி நின்றன. எண்ணூற்று ஐம்பத்து நான்கு.

இருபத்தொரு கிராம். நாத்தனாருக்குக் கழித்தல் புரியவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்தாள். ஒரு வாய். அவன் சொன்னது நிஜம். அது நிஜமாக இருந்ததுதான் அவளைக் கலக்கியது. பொய் என்றால் அவளுக்கு வழி தெரிந்திருந்தது. பரணில் ஏறிப் பெட்டியை இறக்கியிருப்பாள். இது ஒரு சொட்டைவிட எத்தனையோ மடங்கு. அவள் சொன்ன சொல்லுக்கு இதுவே போதும். ஆனால் ஆறு வருடத்தில் எவ்வளவு குடித்தான் என்பதை அவன் ஒருநாள்கூடச் சரியாகச் சொன்னதில்லை. கேட்டபோதெல்லாம் கொஞ்சம்தான் என்பான். அந்தக் கொஞ்சத்துக்கு அடி தெரியாது.

அவள் பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணைத் திருப்பவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“மையத்துக்குப் போன் போடுங்க. இப்பவே, என் முன்னால.”

மையத்தின் எண்ணை நாத்தனார்தான் அழுத்திக் கொடுத்தாள். ஸ்பீக்கரில் ஆலோசகர் அம்மாவின் குரல் கேட்டது. அவன் சுற்றி வளைக்கவில்லை. நேற்று ஒரு வாய் குடித்ததாகவும், இன்று முதல் நாள் என்றும் சொன்னான். பத்து மாதம் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. அந்த அம்மா நிதானமாகக் கேட்டார், “இப்போ கூட யாராவது இருக்காங்களாப்பா?”

அவன் போனைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தான். இருக்கிறார்கள் என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லாததுபோல நின்றான். மேடையில் நுரை அமர்ந்து, பழுப்புத் தண்ணீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. சோப்புக்காரி போனுக்குக் கொஞ்சம் குனிந்தாள்.

“இருக்கேன்,” என்றாள். பிறகு, “இன்னிக்கு இருக்கேன்” என்றாள்.