அணையக் கூடாத மெழுகுவத்தி

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. மலேசியாவின் குருண் நகரில் எங்கள் சங்கம் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக 'அறிவியல் சுடர்' என்று ஓர் இணையத்தளம் திறந்தது. அதன் சிறப்பு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்றார் தலைவர் சுகுமாரன். (இன்னும் டத்தோ பட்டம் கிடைக்கவில்லை. வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.)

"அறிவியல் கதையா இருக்கணும். ஆனா மங்களமா முடிக்கணும் லா."

முதல் வரியை எழுதினேன்: 'ஜெராய் மலையுச்சியில் ஞானச் சூரியன் உதித்த அந்தப் பொன்னாளில்...'

விட்டுவிட்டேன். அந்தப் பொன்னாளில் மழை.

2.

தளத்தைத் திறப்போம். பொறுங்கள், தலைவர் கைகூப்பி நிற்கும் படம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து வரவேற்புரை. இதைத் தாண்ட முடியாது. மண்டபத்தில் பாதியில் எழுந்து போகிறவர்கள் மேல் இருந்த கோபத்தை இங்கே தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'மாணவர்' என்பதை அழுத்தினால் திறப்புவிழாக் காணொளி. 'ஆசிரியர்' என்பதை அழுத்தினாலும் அதே விழாதான், மாலை போடும் பகுதி கூடுதல்.

இதற்குள் உருப்படியாக ஒன்று உண்டு. பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை குணசுந்தரி தன் வீட்டுச் சமையலறையில் கைப்பேசியில் எடுத்த பரிசோதனைகள். எலுமிச்சம்பழம், உப்பு, பலூன், பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழ். சங்கம் கேட்டது, கொடுத்தார்.

அதில் ஒன்றில், எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடுகிறார். உள்ளே சுடர் நிமிர்ந்து நிற்கிறது. பிறகு...

தளத்தில் 'பிறகு' கிடையாது. சுடர் நிற்கும்போதே எழுத்து வந்துவிடுகிறது: 'அறிவுச் சுடர் என்றும் ஒளிர வாழ்த்துகள் – தலைவர்.'

3.

அந்த வெட்டு நடந்தது விழா ஒத்திகையில். திரையில் மெழுகுவத்தி அணைந்ததும் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எவன் இதப் போட்டது? தெறப்பு விழாவுல வெளக்கு அணையிறதையா காட்டுவீங்க?"

"தலைவரே, உயிர்வளி கொறஞ்சா அணையும். அதான் பாடமே," என்றார் செயலாளர் ஜெரார்ட்.

"என் பேத்தி பொறந்தநாளுக்கே மெழுகுவத்திய ஊத விட மாட்டேன், தெரியுமா?"

"அப்ப எப்படி அணையும்?"

"தானா எரிஞ்சு முடியும்."

"கேக்கு?"

"கேக்கெல்லாம் மெழுகுதான். சொரண்டிட்டு சாப்பிடுவோம். அதனால என்ன?"

(அடிக்குறிப்பு: ஜெரார்ட்டை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். தலைவரைக் கேள்வி கேட்கிற செயலாளரை வாசகர்கள் நம்பமாட்டார்கள். கவலை வேண்டாம், கேட்டுவிட்டு, சொன்னபடி அவரே வெட்டினார்.)

4.

அடுத்த வாரம் குணசுந்தரியின் வகுப்பில் பயிற்சித் தேர்வு. மூடிய குவளைக்குள் மெழுகுவத்தி என்ன ஆகும்? வகுப்பின் முதல் மாணவி லோகேஸ்வரி 'தொடர்ந்து எரியும்' என்று எழுதியிருந்தாள்.

"புத்தகத்துல என்னடி போட்டிருக்கு?"

"அணையும்னுதான் டீச்சர். ஆனா வீடியோவுல நீங்கதானே செஞ்சீங்க? அணையலையே! அதான், புத்தகத்துல சாலா, தப்பா அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

புத்தகத்தைவிடத் தன்னை நம்பிய பிள்ளையின் முன்னால் குணசுந்தரி பொய் சொன்னவராக நின்றார். வகுப்பில் உடனே செய்து காட்டினார். ஆனால் யான், மெர்கோங் போன்ற ஊர்களில் அதே முகத்தை நம்பிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு யார் காட்டுவது? தலைவருக்குத் தொலைபேசியில் பேசினார்.

"முழுசா போடுங்க தலைவரே. இல்லன்னா என்னைத் தூக்கிடுங்க."

"ஒரு மெழுகுவத்திக்கு இவ்வளவு காடோவா, சண்டையா டீச்சர்? வேணும்னா 'சுடர் ஓய்வெடுக்கிறது'ன்னு போட்டுக்கலாம்."

"ஓய்வெல்லாம் எடுக்காது. அணையும்."

"சரி, மலர்ல உங்க படம் முழுப்பக்கம். போதுமா?"

"எனக்கு முழுப் படம் வேணாம். முழு வீடியோ வேணும். பிள்ளைங்க என் பேச்ச நம்புறாங்க, தலைவரே."

"நம்பட்டும். நல்லதுதானே?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

5.

முடிவுகள்.

தலைவர் மனம் திருந்தி... (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.)

டத்தோ பட்டம் வாங்கப் போன அன்று அரங்கில் மின்சாரம் போய்... (மலிவு. ஆசையாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.)

குணசுந்தரி தானே ஒரு தளம் தொடங்கி, அதைத் தலைவர் திறந்துவைத்து... (இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே வேண்டாம்.)

இவ்வளவையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பியதும் ஜெரார்ட் அழைத்தார். "அண்ணே, கதையத் தலைவர் பார்த்தாரு. கடைசிப் பகுதிய மட்டும் எடுத்துட்டு வாழ்த்துச் செய்தி போடச் சொல்றாரு. பக்கம் பத்தலையாம்."

பக்கமெல்லாம் பத்தும்.

6.

ஆகவே வெட்டுவதற்கு இங்கே முடிவை வைக்கப் போவதில்லை. அதை உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சமையலறைக்குப் போங்கள். ஒரு மெழுகுவத்தி, ஒரு கண்ணாடிக் குவளை. வரவேற்புரை வேண்டாம். ஏற்றுங்கள், மூடுங்கள், யார் கைகூப்பினாலும் கண்ணை எடுக்காதீர்கள்.

பார்த்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், குணசுந்தரி டீச்சர் என்று சொல்லுங்கள்.

இப்போது மூடிவிட்டீர்கள். சுடர் நிமிர்ந்து நிற்கிறது. பிறகு