முத்திரை உடையாத களஞ்சியம்

களஞ்சியத்தின் பின்சுவரில் மூக்கை வைத்த க்வெய்க்குக் குமட்டியது. புளித்த கஞ்சியும் செத்த எலியும் கலந்த வாடை. உள்ளே இருந்தது ஊரின் விதைநெல். இன்னும் பத்து நாளில் விதைத்தாக வேண்டும்.

இந்தச் சூ நாட்டை மேற்கேயிருந்து வந்த சின் படை பிடித்து மூன்று வருடமாகிறது. இந்த ஊர்க்காரனான க்வெய் இப்போது சின் அரசின் எழுத்தன். ஆற்றோரத்து ஈரபூமி இது. இங்கே எப்போதும் களஞ்சியத்தை மூங்கில் கால்களின் மேல்தான் கட்டுவார்கள். அடியில் காற்று ஓடும், தரையின் ஈரம் மேலே ஏறாது. சின்னின் சட்டமோ மழை அபூர்வமான மேற்கில் எழுதப்பட்டது. அங்கே இறுகக் குத்திய மண்தரைதான் தானியத்துக்குக் காவல். எலியால் தோண்ட முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரிக் களஞ்சியம் என்று உத்தரவு. இங்கே அந்த மண்தரை விளக்குத்திரியைப்போல நீரை உறிஞ்சி நெல்லுக்குள் ஏற்றியது.

கதவைத் திறக்கவும் வழியில்லை. தாழ்ப்பாளைச் சுற்றிய கயிற்று முடிச்சில் களிமண்ணை அப்பி, இரண்டு அதிகாரிகள் முத்திரை குத்தியிருந்தார்கள். களிமண்ணை உடைக்காமல் முடிச்சு அவிழாது. இருவரும் நேரில் நிற்காமல் உடைத்தால் குற்றம். ஒருவர் குளிர்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். மிஞ்சியவர் பாய் ஹு. மாற்று ஆள் கேட்டு மேலிடத்துக்கு அவர் எழுதினார். வாயால் கேட்பது சட்டப்படி செல்லாது. அவர் எழுதிய மரச்சீட்டு படகிலும் குதிரையிலும் போய், நாற்பது நாள் கழித்து இன்றுதான் பதில் வந்திருந்தது.

"என்ன எழுதியிருக்காங்கய்யா?" களஞ்சியத்தை ஒட்டியிருந்த பாய் ஹுவின் அறைக்குள் போய்க் கேட்டான் க்வெய்.

"ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி, எத்தனை எலிப்பொந்துன்னு எழுதி அனுப்பணுமாம்."

"எலிப்பொந்தா? விதை அழுகுதுங்கய்யா!"

"அழுகலுக்குத் தனிச் சீட்டு. கதவைத் திறந்து பார்த்தவன்தான் அதை எழுத முடியும்."

"உங்களுக்கு நாத்தம் வரலையா?"

பாய் ஹு அங்கியின் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "நாத்தத்தை எந்தச் சீட்டுல எழுதறது? ரெண்டு பொந்து வரைக்கும் திட்டோட போயிடும். மூணுன்னா அபராதம். பார்த்து எண்ணு."

வெளியே லான் காத்திருந்தாள். க்வெய்யின் பெரியப்பா மகள். முப்பது வயல்காரர்களுக்காகத் தினமும் வந்து கேட்பவள்.

"என்ன எழுத்தரய்யா, உங்க ராஜா என்ன சொன்னாரு?"

"எலிப்பொந்தை எண்ணச் சொல்றாங்கக்கா."

அவள் காறித் துப்பினாள். "நாட்டையே புடிச்சவனுங்களுக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியலையேடா. நீயும் எண்ணத்தான் போறியா?"

க்வெய் களஞ்சியச் சுவரை மேலும் கீழும் கண்ணால் அளந்தான். களஞ்சியச் சட்டத்தை வரிவரியாகப் படியெடுத்தவன் அவன். பொந்தின் எண்ணிக்கைக்குத்தான் அதில் விதி உண்டு. அளவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"அக்கா, கடப்பாரை கொண்டா. ஆளுங்களையும் கூப்பிடு."

நண்பகலுக்குள் பின்சுவரில் வண்டி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளிருந்து சூடான ஆவி முகத்தில் அறைந்தது. அடிநெல் கறுத்துக் கூழாகி, புழு நெளிந்தது. அதற்கு மேல் இருட்டிலேயே முளைத்து வெளுத்துப்போன நாற்றுகள், பிணத்தின் தலைமுடிபோல. ஈரம் ஏறாத உச்சியில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

பாய் ஹு ஓடிவந்தார். ஓட்டையை ஏறிட்டும் பார்க்காமல் முன்பக்கம் போய்க் களிமண்ணைத் தடவினார்.

"முத்திரை முழுசா இருக்கு. பொந்து எத்தனை?"

"ஒண்ணுங்கய்யா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ திட்டு மட்டும்தான்."

க்வெய் அந்தச் சிரிப்புக்கு முதுகைக் காட்டி ஓட்டைப் பக்கம் நடந்தான்.

லானின் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல நெல்லைப் பொறுக்கினான். மாலைக்குள் தேறியது எட்டு வயலுக்கு.

"மிச்சம் இருபத்திரண்டு பேரு?" என்றான்.

"யாருக்கு உண்டு, யாருக்கு இல்லைன்னு நீயே எழுதிக் குடு," என்றாள் லான். "அவங்ககிட்ட இருந்து அதைத்தானே கத்துக்கிட்ட."

நகக்கண்ணில் கறுப்புக் கூழ் ஒட்டியிருந்த கையால் அவன் எழுதும் தூரிகையை எடுத்தான்.