பகலில் பாடிய பாட்டு

இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. வெட்டுகிறவன் பின்னாலேயே குனிந்து கரும்பைக் கட்டுகிற பெண்களுக்கு, சாப்பாட்டு மணி அடித்ததும் நிமிர்வதே தனி வேலை. சிதலீஸ் வரப்பில் உட்கார்ந்து மரவள்ளி மாவைப் பிசைந்தபோதுதான் முன்பின் தெரியாத ஒருவன் வந்து நின்றான்.

"தெர்தூலியன் அனுப்பினான், தங்கச்சி."

"யாரது?"

"உன் புருஷன்."

"எனக்குப் புருஷனா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!"

தெர்தூலியன் கூலிச் சண்டையில் கங்காணியை அடித்துவிட்டு மலைக்குள் போனவன். அவன் இருக்குமிடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கறக்க ஏற்கெனவே ஒரு சாராய வியாபாரி வந்தான், பிறகு ஒரு 'பெரியப்பா மகன்' வந்தான். இரண்டு பேருமே தோட்ட முதலாளி அனுப்பிய ஆட்கள்.

"என் பேரு நெரெஸ். இன்னைக்குப் பொழுது சாய என் படகு செயிண்ட் லூசியா போகுது. அவன் எங்க இருக்கான்னு சொல்லு, கூட்டிட்டுப் போறேன். அது வேற நாட்டுக்காரன் தீவு, அங்க போயிட்டா எந்தப் போலீசும் தொட முடியாது."

"உன் கால்ல ஒரு கரும்புக் கீறல்கூட இல்லியே."

"மீன்காரன் கால், தங்கச்சி. மீனு கீறாது." அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. "நம்பலேன்னா யானைக் கதைப் பாட்டைப் பாடச் சொன்னான்."

அவள் கை மாவிலேயே நின்றது. இந்த மார்த்தினிக் தீவில் யானையைக் கண்டவர் யாருமில்லை. ஆப்பிரிக்காவின் கினியாக் கரையில் அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட தெர்தூலியன் வீட்டுப் பூட்டி ஒருத்தி, கையில் எதுவும் கொண்டுவர முடியாமல், வாயில் கொண்டுவந்த கதை அது. நடுவில் வரும் பாட்டுக்கு அர்த்தம் அவள் வம்சத்துக்கே தெரியாது. தெர்தூலியன் வீட்டார் ஒரு எழுத்து மாற்றாமல் பாடி வருகிறார்கள். ஆனால் சாவு வீடுகளில் ஊரே கேட்ட பாட்டு அது. முதலாளியின் ஆள் ஒருவன் மனப்பாடம் பண்ண எவ்வளவு நேரமாகும்?

"அப்ப பாடு," என்றாள்.

நெரெஸ் சூரியனைப் பார்த்தான். உதட்டை நக்கினான். "இப்பவேவா?"

"பொழுது சாயப் படகு போகுதுன்னியே."

அவன் குரலை இறக்கிப் பாடினான். ஒரு எழுத்து பிசகவில்லை. முடித்ததும் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான்.

நல்ல நடிப்பு என்று நினைத்தாள். பகலில் கதையோ கதைப் பாட்டோ சொன்னால் சொன்னவனைப் பெற்றவள் கூடையாக மாறிவிடுவாள். கதையோடு அதே கப்பலில் வந்த கட்டளை இது. நம்மிடையே வளர்ந்தவன் கழுத்தில் கத்தி வைத்தாலும் பொழுது சாயட்டும் என்பான். இவன் பாடிவிட்டான். இவன் நம் ஆள் இல்லை.

"வறண்ட ஓடைக்கு மேல போ. கரி சுடுற குடிசை," என்றாள் முகம் மாறாமல். அங்கேதான் போலீஸ் கூடாரம் போட்டிருந்தது. தன் ஆட்களிடமே போய் மூக்குடைபடட்டும். அன்று மாவு முழுவதையும் ருசித்துத் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறினாள்.

"படகுக்காரன் வரலியா?" என்றான் தெர்தூலியன்.

"வந்தான். பட்டப்பகல்ல பாடினான். நம்மாளு பாடுவானா? திருப்பி விட்டுட்டேன்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நான்தாண்டி ராத்திரி கரைக்கு இறங்கிப் போய்ப் பாடச் சொன்னேன். அவன் புடிபட்டா என்ன பண்றதுன்னு இடத்த மட்டும் உங்கிட்ட கேக்கச் சொன்னேன். 'எங்க அம்மா உயிரோட இருக்கா, பகல்ல பாட மாட்டேன்'னு அவன் சொன்னான். கையப் புடிச்சுக் கெஞ்சினேன். எங்க அனுப்பின?"

"போலீஸ் கூடாரத்துக்கு," என்றாள்.

நெரெஸை ஜெயிலில் அடித்தார்கள். கரி வாங்க வந்தேன் என்பதைத் தவிர அவன் எதுவும் சொல்லவில்லை. அவள் பெயரைச் சொல்லவேயில்லை.

மீனவர் குப்பத்தில் அவன் தாய், கவிழ்த்து வைத்த படகின் நிழலில் காலியான கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "மீனு இல்லம்மா. பையன் வந்தாத்தான்," என்றாள்.

சிதலீஸ் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அந்தக் கிழவிக்கு அவள் ஒரு மகனைக் கடன்பட்டிருக்கிறாள்.