சிசிலி அக்கா சொன்ன வாக்கியம்

1
இந்தக் கதை எங்கே பிறந்தது என்று கேட்டால், என் வாயில். வெட்கக்கேடுதான், ஆனால் அங்கேதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பசிபிக் கடலில் ஒரு குடியேற்றத் தீவு விடுதலை கேட்டது. தீவுக்கும் ஆண்ட நாட்டுக்கும் நடுவே மூன்றாம் நாடு தீர்ப்புச் சொல்வதா என்று பேச்சுவார்த்தை..." [வெட்டியாயிற்று. இல்லாத தீவுக்குப் பின்னால் எத்தனை நாள் ஒளிவது?]

2
1995 ஜனவரி, ஊரில் சண்டை நின்றிருந்த நேரம். மொன்றியல், ரொக்ஸ்பரோவில் ஒரு தேவாலய மண்டபம். வெள்ளைக்காரன் போகும்போது சிக்கலாக்கி விட்டுப்போன எங்கள் நாட்டுச் சண்டைக்கு மூன்றாம் நாடொன்று நடுவராக வரலாமா என்று எங்கள் கருத்தைக் கேட்க ஓய்வுபெற்ற தூதுவர் ஒருவர் வந்திருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன், மட்டக்களப்பார் சங்கத்தின் புதுச் செயலாளரும்கூட.

தலைவர் வலன்ரைன் அண்ணை முதலே சொல்லிவைத்திருந்தார்: "நடுவர் வரட்டும். ஆனா தீர்ப்புக்குக் கட்டுப்படுவம் எண்டு ஆரும் வாய் திறக்கப்படாது."

தூதுவர் கேட்டார்: "தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் ஏற்பீர்களா? ஒருவர் ஓமென்றாலும் எழுதிக்கொண்டு போவேன்."

எல்லோரும் வலன்ரைன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் சிசிலி அக்கா எழுந்தார். அவருடைய ஒரே மகள் தக்ஷினி ஊரில் அகப்பட்டிருந்தாள்.

"எதிரா வந்தாலும் ஏற்கிறன். என்ட பிள்ள உசிரோட வேணும். இதச் சொல்லுங்க தம்பி."

நான் ஆங்கிலத்தில் சொன்னது: "நீங்கள் வந்ததற்கு இவர் நன்றி சொல்கிறார்."

தூதுவர் எழுந்து கைகூப்பினார். அக்காவும் கும்பிட்டார், அழுதார். "வடிவாச் சொன்னீங்க தம்பி" என்றார் என்னிடம்.

3
ஏன் அப்படிச் செய்தேன்? "ஊரிலிருந்த அப்பாவை நினைத்துப் பயந்தேன்" என்று ஒரு பிரதியில் எழுதியிருக்கிறேன். பச்சைப்பொய். அப்பா எண்பத்தெட்டாம் ஆண்டிலேயே செத்துப்போய்விட்டார். வலன்ரைன் அண்ணை என்னை முறைத்தார். அவ்வளவுதான். சீ!

(அடிக்குறிப்பு மாதிரி: அந்த ஒரு வாக்கியத்தால் போர் நின்றிருக்காது என்கிறான் நண்பன் உதயன். இருக்கலாம். அதை விழுங்கியவன் அவனில்லையே.)

4
முடிவு ஒன்று: தக்ஷினி விமானத்தில் வந்திறங்குகிறாள், அக்கா ஓடிப்போய்... [இதை எழுத எனக்கு உரிமையில்லை.]

முடிவு இரண்டு: நான் அக்காவின் காலில் விழுகிறேன், அவர் மன்னிக்கிறார். [எனக்கு வசதியான முடிவு. வேண்டாம்.]

நடந்தது இதுதான். ஏப்ரலில் சண்டை மறுபடி தொடங்கியது. ஆகஸ்டில் தக்ஷினி செத்துப்போன செய்தி வந்தது. துக்கம் விசாரிக்கப் போனேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்:

"நான் அண்டைக்குக் கேட்ட விதம் பிழையா தம்பி? மரியாத குறைஞ்சு போச்சா? ஒரு மறுமொழியும் வரல்லையே."

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றேன். அது உண்மைதான். அதற்கு அடுத்த வாக்கியத்தை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்பதை, இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

இப்போது உங்களுக்கும் அது தெரியும். அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். தமிழ் ஆட்கள் யார் போனாலும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார். நீங்கள் போனால், அதை வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். குடித்த பிறகு சொல்ல முடியாது. நான் குடித்துவிட்டேன்.