மணியை மாற்றிவிட்டார்கள் என்றான்

மற்றவர்களின் புருஷன்மார் மீன் பிடிக்கப் போவார்கள். என் புருஷன் ஆர்லோ ரயில்வே கேட் பார்க்கப் போவான். அயோவா மாநிலத்தில் எந்த ஊர்க் கேட்டில் எப்போது விளக்கை மாற்றினார்கள், எந்த மணியைக் கழற்றி எதைப் பூட்டினார்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். நானும் கூடவே போய், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி ஊற்றிக் கொடுத்து அலுத்துவிட்டேன்.

எங்கள் ஊர்த் தானியக் கிடங்குக்குப் பக்கத்துக் கேட்டில் மட்டும் இன்னும் பழைய மணி. சுத்தி ஒன்று இரும்புக் கிண்ணத்தை அடிக்கிற ரகம். சுற்றுவட்டாரம் முழுக்க எலக்ட்ரானிக் மணி வந்துவிட்டது. அதில் சுத்தியும் கிடையாது, கிண்ணமும் கிடையாது, ஒலிபெருக்கிதான்.

குளிர்காலத்தில் ஆரம்பித்தான். "மணிச் சத்தத்தைக் குறைச்சுட்டானுங்க, லூ." பிறகு, "கேட் இறங்கினதும் மணி நிக்கிற மாதிரி மாத்திட்டானுங்க." சில ஊர்களில் அப்படி வைப்பது உண்டு, அதனால் நானும் நம்பினேன். ஒரு நாள் கேட் இறங்கிய பின்னும் மணி காதைப் பிளந்துகொண்டிருந்தபோது, "பாத்தியா, நின்னுடுச்சு" என்றான். முகம் பார்த்துப் பேசினால் கேட்கிறது, மணி மாதிரிக் கூர்மையான சத்தம்தான் அவன் காதில் விழவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எங்கள் பக்கம் வயல் பாதைகளுக்குக் கேட் கிடையாது. சோளம் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டால் ரயில் கண்ணுக்குத் தெரியாது. கார்க் கண்ணாடியை இறக்கி, காதால் கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டுவோம். ஆர்லோவும் கண்ணாடியை இறக்குவான், தலையைச் சாய்ப்பான், ஆக்சிலேட்டரை மிதிப்பான். உண்மையில் கேட்பவள் நான். கடைக்குப் போனாலும், முடி வெட்டப் போனாலும் ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "உனக்கு வீட்டுல வேலையே இல்லையா?" என்று கிண்டல் செய்வான். சொல்லிவிடலாம்தான். வாய் வரவில்லை.

நாளைக்குப் பேரப்பிள்ளைகளைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். வழியெல்லாம் சோளக்காடு. எனக்கோ சர்ச்சில் ஒரு சாவுச் சாப்பாட்டுக்குச் சமையல், கூடப் போக முடியாது. ஆகவே இன்றைக்கே அவனிடம் சொல்லியாக வேண்டும்.

தானியக் கிடங்குக் கேட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். விளக்குகள் மாறிமாறிச் சிவந்தன. கேட் இறங்கியது. சரக்கு ரயில் தடதடவென்று வந்தது.

"எலக்ட்ரானிக் வச்சுட்டானுங்க போல, லூ. அதுவும் ரிப்பேர். சத்தமே வரல."

"ஆர்லோ, அதே பழைய மணிதான்!"

"என்ன?"

"அதே மணி! அடிச்சிட்டு இருக்கு!"

"ரயில் போகுது. சத்தமாத்தான் பேசேன்!"

கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எழுந்துபோய் அவன் தாடையைப் பிடித்து மேலே நிமிர்த்தினேன். கம்பத்து உச்சியில் சுத்தி கிண்ணத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசிப் பெட்டி போகும்வரை மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான். கேட் ஏறியது.

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"பனி உருகறப்பவே."

"தெரிஞ்சுமா நான் ஓட்டற வண்டில ஏறின?"

"தெரிஞ்சதாலதான் ஏறினேன். உனக்கும் சேத்து யாராவது கேக்கணும்ல?"

அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. தாங்கமாட்டாமல் எனக்குக் கோபம்தான் வந்தது.

"களைச்சுப் போச்சு, ஆர்லோ. ஜன்னல் பக்கமே காதை வச்சுட்டு உக்காந்து, எனக்குக் களைச்சுப் போச்சு."

மடக்கு நாற்காலிகளைக் காரில் வைத்தான். டிரைவர் பக்கம் போனவன், கதவைத் திறக்காமல் நின்றான்.

"பசங்களை நான் கூட்டிட்டுப் போகலன்னு நீ சொல்லாத. பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சுற்றிவந்து, நான் எப்போதும் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். நான் டிரைவர் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்திலேயே இருந்தும் அது அவனுக்குக் கேட்கவில்லை.