பெலெனைஸியின் முகத்துக்குத் திறக்கும் போன்

"அக்கா, நீங்க சூலியானாவுக்கு அனுப்பற மெசேஜ் அவ போன்ல பச்சையாத்தான் விழுமாம். எங்களோடது ரெண்டும் ஐபோன், அதனால நீலம்."

என் தம்பி மனைவி பெலெனைஸி இதைச் சொன்னபோது மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. இருபத்தெட்டு வருடங்களாக அவளிடம் எனக்கு இருக்கும் பெரிய தொல்லை அதுதான்.

"பச்சையா இருந்தா என்ன, படிக்க முடியாதா?" என்றேன்.

"படிக்கலாம், படிக்கலாம். சும்மா சொன்னேன்."

எங்களோடது. அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

அந்த ஐபோன் வருவதற்கு முன்பு எங்கள் இரண்டு வீட்டுக்கும் உருப்படியான போன் என்னுடையது ஒன்றுதான். எங்கள் தீவின் டவுனான நெயாஃபுவில், ஒரு கடையில் வாங்கிய ஆண்ட்ராய்ட். மூலையில் கீறல் உண்டு. ஆனால் ஊரில் எந்த சார்ஜர் கிடைத்தாலும் குத்தலாம், உள்ளே சின்ன அட்டை போட்டு எங்கள் சபைப் பாடகர் குழுவின் ஐந்து வருடப் பாட்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆக்லாந்திலிருந்து சூலியானா கூப்பிட்டால் என் வீட்டில்தான் மணியடிக்கும். நான் முதலில் பேசுவேன். பிறகு ஜன்னல் வழியாகக் கத்துவேன்: "பெலெனைஸி! உன் மக!" அவள் கையைத் துடைத்துக்கொண்டே முற்றத்தைக் கடந்து ஓடி வருவாள். அவர்கள் பேசும்போது போனைப் பிடித்துக்கொண்டிருப்பவள் நான். அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்தவளும் நான்தான். தம்பி பிள்ளைக்கு அத்தை பேர் வைக்காமல் வேறு யார் வைப்பார்கள்?

ஜூன் மாதம் சபைக் கூட்டத்துக்கு ஆக்லாந்து போனவர்கள் திரும்பி வந்தபோது ஒரு சிறிய பெட்டி வந்தது. சூலியானா தான் வைத்திருந்த ஐபோனை அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து மாலை ஆறரைக்கு மணி அந்த வீட்டில் அடித்தது. பேச்சுக் கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும். பெலெனைஸி அப்படி வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் வீட்டில் உட்கார்ந்து பேசியபோது ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

என்னையும் சூலியானா கூப்பிட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. "நல்லா இருக்கீங்களா அத்தை? முட்டிவலி எப்படி இருக்கு அத்தை?"

பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் ஃபூசி வேறு, "லெசியேலி, உன் தம்பி பொண்டாட்டியோட போன்ல அந்தப் பொண்ணு மூக்குல இருக்கற மச்சம்கூடத் தெரியுதாமே! உன்னோடதுல மூக்காவது தெரியுமா?" என்றாள்.

"மூக்கும் தெரியும், நீ சுருதி தப்பறதும் பதிவாகும்" என்றேன். ஆனால் அன்று பாட்டில் மனம் நிற்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. தம்பி வீட்டுக்குப் போனேன். நான் முன்வாசலில் கால் வைத்ததும் தம்பி மனாசே பின்வாசலால் வெளியேறினான். பிறந்தது முதல் அப்படித்தான். அக்கா இருக்கும் அறையில் தம்பி உட்கார மாட்டான். அது எனக்கு அவன் தரும் மரியாதை. எதையாவது சொல்ல வேண்டும் என்றால் வெளியே நின்று இருமுவான்.

பெலெனைஸி பாய்மேல் போனை வைத்திருந்தாள். சூலியானா எதையோ நீலத்தில் அனுப்பியிருந்தாள். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அழகா இருக்கே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஊரில் அது பாராட்டு. எங்கள் ஊரில், தம்பி வீட்டில், அக்கா வாயில் அது வந்தால் பொருள் கைமாறியாயிற்று. பாயாக இருந்தாலும் பன்றியாக இருந்தாலும் கேள்வி கிடையாது.

பெலெனைஸி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, சுற்றி, போன்மேல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க அக்கா. இதுக்கு இந்த சார்ஜர் மட்டுந்தான் சேரும், பத்திரம். அப்புறம் இதுக்கு ஒரு நம்பர் இருக்கு, ஆறு எண்ணு..."

"எனக்குத் தெரியாதா? நேத்திக்கா போன் பாக்கறேன்?"

"இல்ல, இது..."

"நீ வெறுங்கையா இருக்க வேணாம். என்னோடத வச்சுக்க" என்று என் ஆண்ட்ராய்டை அவள் மடியில் போட்டேன். வெளியே இருமல் கேட்டது. கேட்காதவள்போல் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எதையோ தொட்டேன், எங்கேயோ போயிற்று. திரும்பி வர வழி தெரியவில்லை. என்னுடையதில் கீழே ஒரு அம்புக்குறி இருக்கும். அமுக்கினால் வந்த வழியே கூட்டிவரும், எத்தனை தப்பு செய்தாலும். இதில் அது இல்லை. கீழிருந்து மேலே தள்ள வேண்டும் என்று எப்போதோ பெலெனைஸி செய்து பார்த்த ஞாபகம். தள்ளினேன். முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. பாட்டைத் தேடினேன். பாட்டு அட்டையோடு அந்தப் போனில் இருக்கிறது. அட்டை போட இதில் பொந்துகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. தூக்கினேன். ஒரு பூட்டு தெரிந்தது. போன் என் முகத்தைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். பூட்டு தலையை ஆட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினேன். கொண்டையைச் சரிசெய்து காட்டினேன். பெலெனைஸி சிரிப்பதுபோல் சிரித்தும் காட்டினேன். வெட்கக்கேடு. இந்த ஊரில் என் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியது அது ஒன்றுதான்.

ஆறரைக்கு மணியடித்தது. எடுக்க மட்டும் பூட்டு தடுக்கவில்லை.

"ம்மா! கேளேன், இன்னைக்கு அந்தக் கிழவர் மறுபடியும் பல்செட்ட..." சூலியானா வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள். மூக்கு மச்சம் தெரிந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்ற இடமும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"அத்தை."

"நான்தான். என்னாச்சு அந்தக் கிழவருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. நல்லா இருக்கீங்களா? முட்டிவலி எப்படி இருக்கு?"

அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக் கிழவர் பல்செட்டை என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று நிமிடம் மழையைப் பற்றிப் பேசினோம். அம்மா எங்கே என்று அவள் கேட்கவில்லை. போன் எப்படி என் கைக்கு வந்தது என்றும் கேட்கவில்லை. வளர்த்த வளர்ப்பு அப்படி.

மறுநாள் ஆறரைக்குப் போனைத் தட்டுமேல் நிறுத்தி எதிரே உட்கார்ந்தேன். மணி அடித்தது.

இதில் இல்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம். என் மணி! ஐந்து வருடம் கேட்ட என் மணி, அந்த வீட்டுக்குள் அடித்தது. சிம் கார்டைக் கழற்றாமல் கொடுத்திருக்கிறேன். என் நம்பர், என் பேர், என் கணக்கு எல்லாம் அப்படியே பெலெனைஸி மடியில். பிறகு சிரிப்பு. கீறல் விழுந்த என் பழைய போனில் அதே சிரிப்பு.

எனக்குக் காது சுட்டது. இந்தப் போனையாவது திறந்து சூலியானா தன் அம்மாவுக்கு என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்த்தே தீருவது என்று எண்களைத் தட்டினேன். சூலியானா பிறந்தநாள். இல்லை. மனாசே பிறந்தநாள். இல்லை. அவர்கள் கல்யாண நாள், சபை கட்டிய நாள், என் பிறந்தநாள்கூடப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் பொறு என்றது. பொறுத்துப் போட்டேன். ஐந்து நிமிடம் என்றது. பிறகு பதினைந்து.

போனை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன். முதல்முறையாக அந்தத் திசையில் நான் ஓடினேன்.

மனாசே பின்வாசலால் போனான். பெலெனைஸி சட்டென்று பேச்சை முடித்து என் போனைப் பாவாடை மடிப்பில் மறைத்தாள்.

"மறைக்காத. மணி கேட்டுச்சு. உன் போன் என்னைத் திறக்க விடமாட்டேங்குது."

அவள் எட்டிப் பார்த்தாள். "எத்தனை தடவ போட்டீங்க?"

"ஒரு தடவ."

"ஒரு தடவைக்குப் பதினஞ்சு நிமிஷம் கேக்காது அக்கா."

"எட்டு."

"உக்காருங்க. அது இறங்கற வரைக்கும் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

நடுவில் போனை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். பதினான்கு. பதிமூன்று.

"என்கிட்ட பேசறப்ப ஏன் அவ அப்படிச் சிரிக்கறதில்ல?" என்று கேட்டுவிட்டேன். கேட்க நினைத்தது அதல்ல.

"நீங்க அத்தை. அத்தைகிட்ட பல்லைக் காட்டுவாளா? நான்தான் காலை ஒடச்சிருப்பேன்."

"போன் வேறயா இருக்கறதாலன்னு நெனச்சேன்."

"போன்ல என்ன இருக்கு. உங்களோடது சார்ஜ் நல்லா நிக்குது. படம்தான் கலங்கலா இருக்கு, பிள்ளை குளிச்சாளா இல்லையான்னே தெரியல." சிரித்தாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒன்பது. எட்டு.

நேரம் முடிந்ததும் அவள் போனைத் தன் பக்கம் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு தட்டப் பார்த்தாள்.

"சொல்லு. நான் போடறேன்."

"நானே போட்டுத் தரேனே."

"என் போன். சொல்லு."

வெளியே மனாசே இருமினான். பெலெனைஸி தலையைக் குனிந்தாள். "ஒண்ணு, நாலு. ஒண்ணு, ரெண்டு. அப்புறம் இந்த வருஷத்தோட கடைசி ரெண்டு எண்ணு."

பதினான்காம் தேதி, பன்னிரண்டாம் மாதம். அது இன்னும் வரவே இல்லை.

"வராத தேதிய எவளாவது வைப்பாளா? என்ன நாள் அது?"

இருமல் இரண்டு மடங்கானது.

"பெலெனைஸி."

"சூலியானா கல்யாணம்" என்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அவளே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தா அக்கா. ஞாயித்துக்கிழம சபை முடிஞ்சதும், முறைப்படி, உங்க போன்ல கூப்பிட்டு. எனக்கு வாய் தவறிச் சொல்லிட்டா. நான் மறந்துடக் கூடாதுன்னு அதையே நம்பரா வச்சேன்."

என் போனில். முறைப்படி. முதலில் எனக்கு. அந்த அழைப்பைத்தான் நான் என் கையாலேயே தூக்கி இவள் மடியில் போட்டுவிட்டு, இவள் முகத்துக்குத் திறக்கும் கண்ணாடித்துண்டை எடுத்துப் போனேன்.

ஞாயிறுக்கு இரண்டு நாள் இருந்தது. தம்பி வீட்டிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த அக்காவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஃபூசிக்குத் தெரிந்தால் பாட்டாகவே பாடுவாள். நான் போனைப் பெலெனைஸி முன்னால் தள்ளினேன்.

"இத நான் உனக்குத் தரேன். திருப்பித் தரல. என் பொருள உனக்குத் தரேன். புரியுதா?"

"புரியுது அக்கா."

"என்னோடதக் கொடு. நாலு நாள் பாட்டு கேக்காம காது அடச்சுப்போச்சு."

"ரெண்டு நாள்தானே ஆச்சு."

"கொடு."

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து, மண்குழி அடுப்பான உமுவைத் திறந்தாயிற்று. தேங்காய்ப்பாலில் வெந்த லூ சேம்பிலைக்கட்டுகள் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. பெலெனைஸியை நான்தான் வரச் சொன்னேன். போனை எப்போதும்போல் நான் பிடித்துக்கொண்டேன். மணியடித்தது.

"அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்படியா? என்ன விஷயம்?"

சொன்னாள். நான் வாயைப் பொத்தினேன், கடவுளைக் கூப்பிட்டேன், பையன் யார் என்ன என்று விசாரித்தேன். பெலெனைஸி படத்தில் விழாதபடி பக்கத்தில் உட்கார்ந்து பாயின் ஓரத்து இழைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"இல்ல அத்தை. முதல்ல உங்ககிட்டதான்."

திரை கலங்கலாக இருந்தது. அவள் முகம் சிவந்ததா, கண் தாழ்ந்ததா, ஒன்றும் தெரியவில்லை. அந்தப் போனுக்காக நான் நன்றி சொன்ன ஒரே நேரம் அதுதான்.

"நல்ல பிள்ள" என்றேன். "இரு, உங்கம்மாவக் கூப்பிடறேன்." பக்கத்தில் இருந்தவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினேன்: "பெலெனைஸி! உன் மக!"

அவள் எழுந்து, வாசல்வரை போய், திரும்பி ஓடிவந்து உட்கார்ந்தாள். மூச்சுகூட வாங்கினாள்.

அழுது, சிரித்து எல்லாம் ஆன பிறகு சூலியானா சொன்னாள்: "அத்தை, இந்தப் படம் ரொம்ப மங்கலா இருக்கு. கல்யாணத்துக்கு முன்னால உங்களுக்கும் ஒரு ஐபோன் அனுப்பட்டுமா?"

முந்தாநாள் அந்தச் சனியனை இனித் தொடவே கூடாது என்று நினைத்தவள் நான். திரும்பிப் பெலெனைஸியைப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி சபைக்கென்று அவள் இடுப்பில் சுற்றிக் கட்டிய பாய்க்குள்ளிருந்து அந்தப் போனின் ஓரம் மினுங்கியது.

"அனுப்பு" என்றேன். "ஆனா உங்கம்மா வச்சிருக்கறதவிடப் புதுசா இருக்கணும்."