ஒரே ஓட்டையில் இரண்டு குண்டு

ஹாலிஸ் ப்ரூனர் பொய் சொல்லாத மனிதன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய் கூசாமல் புளுகுவான் என்பது அவன் நண்பன் வெர்னனின் கட்சி. ஐந்து குண்டு சுட்டிருப்பான், குறித்தாளில் நான்கு ஓட்டைதான் இருக்கும். கேட்டால், "ரெண்டு ஒரே ஓட்டைக்குள்ள போயிருச்சுடா" என்பான். சொல்லும்போது முகத்தில் ஒரு சாந்தம் வேறு.

"போயிருக்கும், போயிருக்கும். ஒண்ணு முன்னாடி போய்க் கதவைத் திறந்து வெச்சிருக்கும்" என்பான் வெர்னன்.

இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் இந்தச் சண்டைதான். விஸ்கான்சின் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பைன் மரங்களுக்கு நடுவே மூன்று பக்கமும் மண்மேடு கட்டிய, துப்பாக்கி சுட்டுப் பழகும் சின்ன ரேஞ்ச். தகரக் கூரைக்குக் கீழே பத்து மேசை. ஆறாவது ஹாலிஸுடையது, ஏழாவது வெர்னனுடையது. பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். ஹாலிஸ் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். வெர்னன் வீடு வீடாக கேஸ் கொண்டுபோய் நிரப்பும் லாரி ஓட்டியவன். மனைவி போய்ச் சேர்ந்தபின் வாரத்தில் ஆறு நாள் அவன் வீட்டில் பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான். ஏழாவது நாள் ஹாலிஸ்.

ஹாலிஸிடம் ஒன்பது துப்பாக்கிகள் இருந்தன. அவன் மனைவி நொரீனுக்கு ஆறுதான் தெரியும். மீதி மூன்று வெர்னன் வீட்டு இரும்புப் பெட்டியில் வாடகை இல்லாமல் குடியிருந்தன. ஒவ்வொரு தோட்டாவையும் நகைக்கடைத் தராசில் எடை போட்டுப் பிரித்து வைக்கிற ஆள் ஹாலிஸ். வெர்னனிடம் இருந்ததோ ஒரே ஒரு பழைய ரைஃபிள். எவனோ வீட்டைக் காலி செய்தபோது வாசலில் போட்டு விற்றது. பிடிக்கட்டையில் விரிசல், அதைச் சுற்றி சைக்கிள் ட்யூப். அதற்கு மார்த்தா என்று பேர் வைத்திருந்தான்.

"மார்த்தாவுக்கு இன்னிக்கு இடுப்பு வலியா?" என்று ஹாலிஸ் விசாரிப்பான்.

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா. உன் சீமாட்டிக்குத்தான் எடை போட்ட சாப்பாடு வேணும்."

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை வருடாந்திரப் போட்டி. ஐம்பது கெஜம், பத்து குண்டு, இருபது நிமிஷம். ஜெயித்தவன் பேரை, கிளப் அறையில் காபிப் பாத்திரத்துக்கு மேலே தொங்கும் மேப்பிள் பலகையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுதுவார்கள். பதினொரு வருஷமாக அதில் ஒரே பேர்தான், ப்ரூனர். அவற்றில் ஏழு தடவை இரண்டாவதாக வந்தவன் வெர்னன். இரண்டாவது பேரைச் சுட்டு எழுத யாரும் கம்பியைக் காய்ச்சுவதில்லை.

இந்த வருஷம் வெர்னனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஏப்ரலில் ஹாலிஸ் ஒரு குண்டை ஐந்தாம் மேசைக்காரன் தாளில் சுட்டுவிட்டான். இது நடக்காத விஷயம் இல்லை. வரிசையாகப் பத்து தாள், பத்தும் ஒரே மாதிரி, மேலே இருக்கிற நம்பரைப் பார்க்காமல் குறிவைத்தால் யாருக்கும் நடக்கும். அடுத்தவன் தாளில் சுட்டவன் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் 'பை' என்கிற இனிப்புப் பலகாரம் சுட்டு எடுத்து வர வேண்டும், அதுதான் வழக்கம். புளிப்பு ரூபார்ப் தண்டு அடைத்து நொரீன் செய்த பை வந்தது, எல்லோரும் வழித்துத் தின்றார்கள், ஹாலிஸை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தார்கள். அவனும் சிரித்தான்.

ஆனால் அதே வருஷத்தில் இரண்டாவது தடவை நடந்தால் பை இல்லை. ரேஞ்சின் வாசல் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கண் டாக்டரிடமிருந்து கடிதம் வரும்வரை மேசைப் பக்கம் வரக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன் கமிட்டியில் இருந்தபோது இந்த விதியைத் தன் கையால் எழுதியவனே ஹாலிஸ்தான்.

வெர்னனுக்குக் கண் இருந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 'டயர் சரியில்லடா' என்று சொல்லி ஒன்றரை மாதமாக ஹாலிஸ் வெர்னன் வண்டியிலேயே வந்து போனான். டயர் நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் மளிகைக் கடை வாசலில் வேறொருவனுடைய ட்ரக்கைத் தன்னுடையது என்று நினைத்து ஹாலிஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திணித்துக்கொண்டிருந்தான். வெர்னன் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

போட்டியன்று வானம் மூடியிருந்தது. கறுப்பு ஈ காதுக்குள் புகுந்து உயிரை வாங்கியது. ஆளுக்கு ஒரு மரக்கட்டை, அதில் பத்து குழி, குழிக்கு ஒரு தோட்டா. ஒவ்வொரு மேசையாக வந்து எண்ணிப் பார்த்தாள் டார்லீன் குசெக். முப்பது வருஷம் தபால் பிரித்தவள், இப்போது ரேஞ்சின் அதிகாரி. அவள் குரல் கொடுத்தால் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மான்கூடத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடும் என்று சொல்வார்கள்.

"வெர்னன், மூக்கைத் தொட்டுட்டு இருக்காதே. பதட்டமா?"

"ஈ, டார்லீன்."

"பதினொரு வருஷமா இதே ஈதான்" என்றான் ஹாலிஸ் பக்கத்திலிருந்து.

காதடைப்பானைப் போட்டுக்கொண்டார்கள். டார்லீன் விசில் ஊதினாள். மார்த்தா அன்றைக்குச் சொன்னபடி கேட்டாள். வெர்னன் நிதானமாகச் சுட்டான். ஒன்று மட்டும் கையைவிட்டு நழுவி ஏழு மதிப்பெண் வளையத்தில் விழுந்தது. போச்சுடா, இந்த வருஷமும் இரண்டாவதுதான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு மீதியைச் சுட்டு முடித்தான். நடுவில் ஒருமுறை ஹாலிஸ் துப்பாக்கியை வைத்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணை அழுத்தித் துடைத்ததைக் கவனித்தான்.

எல்லோரும் முடித்ததும், உள்ளே தோட்டா இல்லை என்று தெரிய துப்பாக்கி போல்ட்டுகளைத் திறந்து வைத்து, மேசையை விட்டு விலகி நின்றார்கள். டார்லீன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு "போகலாம்" என்றாள். புல்லில் நடந்து தாள்களிடம் போனார்கள்.

வெர்னன் எண்ணினான். மறுபடி எண்ணினான். பதினொரு ஓட்டை.

அதில் ஒன்பது நடுக் கரும்புள்ளியில், ஒவ்வொன்றும் பத்து மதிப்பெண்; இன்னொன்று ஒன்பதில், மற்றது ஏழில். அவனுக்கு விதி மனப்பாடம். அடுத்தவன் குண்டு உன் தாளில் விழுந்தால், எது யாருடையது என்று தெரியாவிட்டால், நல்லதாகப் பத்து ஓட்டையை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கேடுகெட்ட ஏழு மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம். தொண்ணூற்றொன்பது! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் மனசில் வேறு எதுவுமே இல்லை. மேப்பிள் பலகையில் தன் பேர் கருகி எழும்புகிற வாசனைகூட மூக்கில் ஏறிவிட்டது.

அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தான்.

ஹாலிஸ் தன் தாளில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து, ஆள்காட்டி விரலால் ஓட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தான். ஒன்பது. ஒன்பதும் நடுப்புள்ளியில். அவன் விரல் பத்தாவதைத் தேடி வெறும் தாளில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அதற்குள் டார்லீன் அளவுகோலுடன் வந்துவிட்டாள்.

"வெர்னன், உன் தாள்ல பதினொண்ணு இருக்கு."

"நான்தான். எண்ணிக்கை தப்பிப் போச்சு, ஒண்ணு கூட சுட்டுட்டேன்."

"கட்டையில பத்துதானே இருந்துச்சு? நானே எண்ணினேனே."

"பாக்கெட்ல ஒண்ணு கெடந்துச்சு. கை பாட்டுக்கு எடுத்துப் போட்டுருச்சு."

டார்லீன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கூடச் சுட்டால் நல்ல ஓட்டை ஒன்று கழியும். இருபத்திரண்டு வருஷமாகப் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன் தன் பத்து மதிப்பெண்ணைத் தானே தூக்கிக் கொடுப்பானா?

"சரி. ஹாலிஸ், உன்னுதுல ஒம்பதுதான் இருக்கு."

ஹாலிஸ் வாயைத் திறக்குமுன் வெர்னன் முந்திக்கொண்டான். "ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு போயிருக்கு. நடு ஓட்டையைப் பாரு டார்லீன், எவ்வளவு அகலம்!"

எட்டாம் மேசைக்காரன் வாயில் வைத்த சூயிங் கம்மை மெல்வதை மறந்தான். ஹாலிஸ் மெதுவாகத் திரும்பினான்.

"என்னடா சொன்னே?"

"ரெண்டு ஒரே ஓட்டைக்குள்ள..."

"இருபத்திரண்டு வருஷத்துல நான் சொன்னப்போ ஒரு தடவையாவது நம்பியிருக்கியா?"

"இன்னிக்கு நம்புறேன்."

"அப்போ உனக்குத் தெரியும்" என்றான் ஹாலிஸ். "எப்போலேருந்து?"

வெர்னன் தரையைப் பார்த்தான். "மளிகைக் கடை."

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"டார்லீன், அவன் தாள்ல இருக்கிறது என்னோட குண்டு. எனக்கு நம்பர் தெரியல. ஏப்ரல்லேருந்தே தெரியல. இடது ஓரத்துலேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி ஆறாவதைப் பாத்துச் சுட்டுட்டு இருந்தேன். கண்ணைத் தொடச்சிட்டு வந்து ஒரே ஒரு தடவை எண்ணாம சுட்டுட்டேன்."

சாவிக் கொத்திலிருந்து ரேஞ்ச் சாவியைக் கழற்ற முயன்றான். வளையம் வரவில்லை. வெர்னன் உதவக் கை நீட்டினான், ஹாலிஸ் தட்டிவிட்டான்.

"அறிவிருக்காடா உனக்கு? கண்ணு தெரியாதவன் துப்பாக்கியைத் தூக்கினா பக்கத்து மேசையில யாருடா உக்காந்திருக்கிறது? நீதானே, மடையா! ஏதாவது ஆயிருந்தா நான் எந்த மூஞ்சியோட இருப்பேன்?"

அவன் குரல் உடைந்துவிட்டது. டார்லீன் தன் நகத்தால் வளையத்தை விரித்து, சாவியை எடுத்து, கிளப் பெட்டியில் போடாமல் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"எங்கிட்டயே இருக்கும்" என்றாள். "கடிதத்தோட வா. கண்டவன் கையில குடுக்க மாட்டேன். வெர்னன், உனக்குத் தொண்ணூத்தொம்போது, பலகையில உன் பேர்தான். இனி பொய் சொன்னேன்னா உன் சாவியையும் பிடுங்கிடுவேன்."

திரும்பும் வழியில் ஹாலிஸ் நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். என்ன தெரிந்ததோ அவனுக்கு.

"பயமா இருக்குடா" என்றான் கடைசியில். "டாக்டர் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டா?"

"செவ்வாக்கிழமை கூட்டிட்டுப் போறேன்."

"நொரீனுக்குத் தெரியாது."

"அவளுக்கு மூணு துப்பாக்கிதான்டா தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்."

செவ்வாய்க்கிழமை கண் டாக்டரின் அறையில் ஹாலிஸை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டையைக் காட்டினார்கள். டாக்டர் சின்னப் பெண், பேர் ஓயமா. வெர்னன் மூலையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தானே பரீட்சை எழுதுகிறவன்போல உட்கார்ந்திருந்தான். முதல் வரி போனது. இரண்டாவது தட்டுத் தடுமாறிப் போனது. மூன்றாவதில் ஹாலிஸ் நின்றுவிட்டான்.

"பி... இல்ல... எட்டா?"

வெர்னனால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற சாக்கில், "ஆர்" என்றான்.

ஹாலிஸ் திரும்பக்கூட இல்லை. "வெர்னன், அது என் தாள். நீ உன் தாள்ல சுடு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே சிரித்தாள். சொட்டு மருந்து விட்டு, விளக்கைப் பிடித்து, இரண்டு கண்ணையும் ஆற அமரப் பார்த்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் வெர்னன் தொப்பியின் விளிம்பைப் பிய்த்தே எடுத்துவிட்டான்.

"ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப் போயிருக்கு" என்றாள் டாக்டர். "இவ்வளவு நாள் எப்படி சமாளிச்சீங்கன்னே தெரியல. பின்னாடி நரம்பெல்லாம் நல்லா இருக்கு. ஜூன்ல ஒரு கண்ணு, ஜூலையில இன்னொண்ணு ஆபரேஷன் பண்ணிடலாம்."

"பண்ணினா, ஐம்பது கெஜத்துல ஒரு ஆறு தெரியுமா?"

"என்ன ஆறு?"

"கை அகலத்துக்கு ஒரு நம்பர். வெள்ளைப் பலகையில கறுப்பு."

"கண்ணாடி போட்டுக்கிட்டா தெரியணும்."

மூலையில் வெர்னன் மூக்கைச் சிந்தினான். ஈ எதுவும் அங்கே இல்லை.

மருந்தின் வேகத்தில் ஹாலிஸுக்கு வெளியே வெயில் வெள்ளைச் சுவராக இருந்திருக்க வேண்டும். இருந்தும் விடுவிடுவென்று நடந்து, சாம்பல் நிற ட்ரக் ஒன்றின் கதவைப் பிடித்து இழுத்தான்.

"அது நம்ம வண்டி இல்லடா."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

ஹாலிஸ் கதவிலிருந்து கையை எடுத்தான். "தெரியலடா" என்றான். "ஒண்ணும் தெரியல." எடுத்த கையை அப்படியே காற்றில் நீட்டினான். வெர்னன் வந்து பிடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் கை கோத்துக்கொண்டு நடந்தார்கள். அந்த ஊர் வழக்கத்தில் ஆண்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

வண்டியில் ஏறி பெல்ட்டைப் போட்டபின் ஹாலிஸ் கேட்டான்: "ஆகஸ்ட் வரைக்கும் ஆறாம் மேசையில யாரு உக்காருவா?"

"என் தெர்மாஸ் உக்காரும்."

"எவனாவது நகத்திட்டு உக்காந்தா?"

"டார்லீன் இருக்கா."

ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது.

"வெர்னன், நெஜத்தைச் சொல்லு. அந்த நடு ஓட்டை அகலமா இருந்துச்சா?"

வெர்னன் ஒரு மைல் தூரம் யோசித்தான். "கொஞ்சம்" என்றான்.

"நான்தான் சொன்னேனே" என்றான் ஹாலிஸ்.